மாவு புளிக்காத செவ்வாய்க்கிழமை

பூம்பாறையில் நான்காவது நாள்.
குழந்தைவேலுவின் பூண்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில்
டயருக்குக் கல் முட்டுக்கொடுத்தும்
வண்டி கொஞ்சம் தெற்கே சாய்ந்துதான் நிற்கிறது.
ஊற்றும் தோசை ஒரு பக்கம் கனத்து
மறுபக்கம் கண்ணாடியாகிறது.
கனத்தது எனக்கு, முறுகல் உனக்கு.
பதினோரு மாதமாக எழுதாத ஒப்பந்தம்.

இன்று அதற்கும் வழியில்லை.
மாவு புளிக்கவில்லை.
கீழே, வத்தலக்குண்டில் என்றால்
விடிவதற்குள் பொங்கி மூடியைத் தள்ளியிருக்கும்.
இங்கே இரண்டு நாளாக
கரைத்த சுண்ணாம்பு போலச் சும்மா கிடக்கிறது.
நேற்றிரவு தூக்குச்சட்டியைக் கம்பளியில் சுற்றி
நமக்கு நடுவே படுக்கவைத்தேன்.
தூக்கத்தில் நீ அதன்மேல் கை போட்டிருந்தாய்.

வெயில் இல்லை.
கூரையில் சோலார் தகடு பட்டினி.
இன்வெர்ட்டர் அவ்வப்போது கீச்சென்கிறது,
யாரோ மறந்துவிட்டுப் போன கோழிக்குஞ்சு.
ஸ்டியரிங்கில் உன் பனியன்,
கியர் கம்பியில் என் காலுறை.
காய்கின்றன என்று சொல்ல முடியாது.
தொங்குகின்றன.

செல்ஃப் மோட்டார் காயில் கட்டப் போயிருக்கிறது.
'நாளைக்கு வண்டியில கண்டிப்பா வந்துரும், நேசன் சார்'
என்று கண்டக்டர் சொன்னது சனிக்கிழமை.
அன்றிலிருந்து மதிய பஸ்ஸின் ஹாரன் கேட்டால்
நாம் இருவரும் எழுந்து நிற்கிறோம்,
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.

போன வாரம் கூக்கல் ஏரிக்கரையில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு
உன் அக்கா போனில் சொன்னாள்,
'சொர்க்கத்துல இருக்கீங்கடி.'
சொர்க்கத்தில் கழிவறைத் தொட்டியை யார் கழுவுவது
என்று அவள் கேட்கவில்லை.
ஒற்றைப்படைத் தேதியில் நான், இரட்டைப்படையில் நீ.
முப்பத்தொன்று வரும் மாதங்களில்
அடுத்தடுத்து இரண்டு நாள் எனக்கு விழுகிறது.
இதை நீ கவனித்ததாக
இன்றுவரை காட்டிக்கொள்ளவில்லை.

காலையில் சண்டை.
தெருக்குழாயிலிருந்து ஆறு நடை,
கேனுக்கு இருபது லிட்டர்,
என் தோள்பட்டையில் இன்னும் வலிக்கிறது.
தொட்டியின் அடிக்குழாயை நீ மூடவில்லை.
பாதிக்குமேல் குழந்தைவேலுவின் பாத்திக்குப் போய்விட்டது.
பூண்டு குடித்திருக்கும் என்றாய்.
அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாய்,
அதுதான் தப்பு.

பதினாலடிக்கு ஆறடி.
கோபித்துக்கொண்டு போக இன்னொரு அறை கிடையாது.
நீ முன்னிருக்கைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டாய்.
அதுதான் நம் வீட்டு மாடி.
கண்ணாடிக்கு அப்பால் மூடுபனி.
கொட்டகையும் தெரியவில்லை, கோயிலும் தெரியவில்லை.
வைப்பரைப் போட்டாய்.
ஒரு வீச்சு. இன்னொன்று.
'பேட்டரி' என்றேன்,
திரைக்கு இந்தப் பக்கமிருந்து.
நின்றது.

பதினோரு மணிவாக்கில் தகரத்தைத் தட்டி
குழந்தைவேலு ஒரு கொத்துப் பூண்டு நீட்டினார்.
பாத்தி நனைந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
'ஊர்ல வீட்டைப் பார்த்துக்க ஆள் இருக்கா?'
'நாங்கதாண்ணே' என்றேன்.
தலையாட்டிவிட்டு நான்கு எட்டு நடந்தவர்
நின்று திரும்பி
வண்டியை ஒருமுறை
முன்னிருந்து பின்வரை பார்த்தார்.

மதிய பஸ் வந்தது. மோட்டார் வரவில்லை.
பூண்டை உரித்தேன். விரலெல்லாம் வாசம்.
கொடைக்கானலில் எடுத்த பொட்டலத்தில்
ஒன்றரைப் பேருக்குத்தான் அரிசி இருந்தது.
இரண்டு பேருக்குமாகக் கஞ்சி வைத்தேன்.
உன் கிண்ணத்தைத் திரைக்கு அடியில் தள்ளினேன்.
கொஞ்ச நேரத்தில் காலியாகித் திரும்பி வந்தது,
கழுவாமல்.

நாலு மணிக்குச் சும்மா மூடியைத் திறந்தேன்.
ஓரத்தில்
ஒரு குமிழி.
பேசக்கூடாது என்று வைத்திருந்தேன்.
'இங்க வாயேன்' என்றுவிட்டேன்.

திரை விலகியது.
முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே வந்து
சட்டிக்குள் குனிந்து
மூக்குக்கண்ணாடியில் ஆவி படிய
ரொம்ப நேரம் பார்த்தாய்.

'ரெண்டு' என்றாய்.